பூண்டுப் பானையைப் பார்க்கப் போனேன்

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் ஏரியைப் பார்க்கப் போவார்கள், இல்லாவிட்டால் குளிருக்குப் போவார்கள். நான் ஒரு பானையைப் பார்க்கப் போனேன். அப்போது நயா பைசா வந்த புதிது. சித்திரை வெயிலில் பழனி அடிவாரம் அடுப்பு மாதிரி இருந்தது. "வெள்ளையம்மாளுக்கு உடம்புக்கு முடியலையாம், நாலு நாள் இருந்து பாத்துட்டு வாரேன்" என்று மகளிடம் சொன்னேன். வெள்ளையம்மாள் என் நாத்தனார். கல்லு மாதிரி நன்றாகத்தான் இருந்தாள். சொன்னது பொய்.

காரணம் இதுதான். மகள் வீட்டில் காவடி எடுத்து வருகிறவர்களுக்குத் தங்க இடம் கொடுத்துச் சாப்பாடு போடுவோம். பங்குனி உத்திரத்துக்கு வந்த கூட்டத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார். மற்றவர்களிடம் அவர் பேசிக்கொண்டிருந்தார். கொடைக்கானலில் சர்வே வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் மலையெல்லாம் அலைந்து, பழங்காலத்துச் சாமான்களைச் சேர்த்துத் தன் பங்களாவில் வைத்திருக்கிறாராம்.

"பூண்டிக்கு மேல ஒரு குள்ளர் வீட்டுக்குள்ள எடுத்த பானைங்க. உள்ள ஒரு கைக்குழந்தையோட எலும்பு, ஒரு செவப்பு மணி. பானையோட தோள்ல வரிசையா எழுத்து, கடைசி எழுத்து மட்டும் பாதி. ரெண்டாயிரம் வருசம் இருக்குமாம்!"

நான் ரசச் செம்போடு கதவுக்குப் பின்னால் நின்றேன். ஆண்கள் இருக்கிற இடத்தில் முன்னால் வந்து பரிமாற எனக்கு எப்போதும் கூச்சம். செம்பு சாய்ந்து கால் வெந்தது. வெந்தது அப்புறம்தான் தெரிந்தது.

பூண்டி நான் வாழ்க்கைப்பட்ட ஊர். ஊருக்கு மேலே புல்மேட்டில் நாலு பக்கமும் பலகைக்கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி வைத்த சின்னச் சின்ன வீடுகள் உண்டு. யார் கட்டியது என்று யாருக்கும் தெரியாது. குள்ளர் வீடு என்போம். பெரிய ஆள் குனிந்தாலும் உள்ளே நுழைய முடியாது. அதனால் பேர் வைக்கும் முன்னே செத்துப்போகிற பிள்ளைகளை எங்கள் பெண்கள் அங்கேதான் கொண்டுபோய் வைப்பார்கள். பிள்ளைக்கு அளவான வீடு, உள்ளே இருக்கிற குள்ளர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பிக்கை. ஊர் ஆண்களிடம் இதைப் பேசுவதில்லை.

என் மூத்த பிள்ளையை அப்படித்தான் வைத்தோம்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறப் பூண்டு வதக்கிக் கொடுப்பார்கள். முப்பது நாளைக்கு உண்டான பூண்டை ஒரு பானையில் போட்டு அவள் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். ஒரு நாள் பூண்டு தின்றால் பானைத் தோளில் அரிவாள் முனையால் ஒரு கோடு. முப்பது கோடு ஆனதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிப் பிள்ளைக்குப் பேர் வைப்பார்கள். என் பானையில் பதினெட்டுக் கோடு முழுசாக இருக்கும். பத்தொன்பதாவது பாதி. அதைக் கீறிக்கொண்டிருக்கும்போதுதான் மாமியார், "ஏத்தா, புள்ளைக்கு மூச்சு ஒரு மாதிரியா இருக்கே" என்றார். மிச்சப் பூண்டைக் கொட்டிவிட்டு அந்தப் பானையிலேயே வைத்தோம். மூன்றாம் நாள் என்னைப் பூண்டு பிடுங்க வயலுக்கு அனுப்பினார்கள். ஈரம் போவதற்குள் பிடுங்க வேண்டும், அழுதுகொண்டிருக்க முடியாது.

அப்புறம் பிறந்தவள்தான் பழனியில் இருக்கிற மகள். தனக்கு ஓர் அக்கா இருந்தது அவளுக்குத் தெரியாது.

எடுத்ததைத் திரும்ப வாங்கி மண்ணில் வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். ஒரு மஞ்சள் துணியை மட்டும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் பஸ். பாதி மலை ஏறியதும் முன்னால் புகை விட்டு நின்றுவிட்டது. "எல்லாரும் எறங்குங்க, வண்டிக்கு மூச்சு முட்டுது" என்றார் கண்டக்டர். ஆண்கள் ஓடைத் தண்ணீரை டின்னில் பிடித்து வந்து ஊற்றினார்கள். பெண்கள் பாறையில் உட்கார்ந்து கட்டுச்சோறு அவிழ்த்தோம். என் பக்கத்தில் அய்யம்பாளையத்து அம்மாள் ஒருத்தி. என் புளிச்சோற்றை எட்டிப் பார்த்து, "பழனியில மொளகாயே வெளையாதாக்கா?" என்று கேட்டுவிட்டு, அவள் ஊறுகாயில் ஒரு துண்டு வைத்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

பள்ளத்துக்கு அந்தப்பக்கம் ஒரு பாறை தெரிந்தது. அதைக் காட்டிக் கண்டக்டர் ஆரம்பித்தார். "அந்தா இருக்குல்ல, அது மாதிரி எடத்துலதான் குள்ளங்க இருந்தாங்க. மொழ ஒசரம். ஒருத்தனுக்கு நாலு யானை பலம்."

"நீங்க பாத்தீங்களாக்கும்" என்றாள் அய்யம்பாளையத்து அம்மாள்.

"எங்க மாமா பாத்திருக்காரு."

"குள்ளனையா?"

"அவன் வீட்டை."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் ஒருத்தரும் பேச்சை விடவில்லை. குள்ளர்கள் குடத்தோடு தங்கம் புதைத்திருக்கிறார்கள் என்றார் ஒருவர். கேரட் வாங்க வெறும் சாக்கோடு போனவர், அவர்களுக்கு ஆகாயத்தில் பறக்கத் தெரியும் என்றார். பறக்கத் தெரிந்தவன் எதற்கு இந்த ரோட்டில் ஏறணும் என்றாள் அய்யம்பாளையத்து அம்மாள். அந்த வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று அந்த இடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். புளிச்சோற்றை மடித்துக் கட்டினேன்.

முன்னமே ஆள் மூலம் எல்லாம் சொல்லி அனுப்பியிருந்தேன். வெள்ளையம்மாள் பஸ் நிற்கிற இடத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு காத்திருந்தாள். புருஷன் போனபின் பூண்டியை விட்டுக் கொடைக்கானலிலேயே நாயுடுபுரத்தில் ஒரு ரூமில் இருந்தாள். காய் கழுவித் தரம் பிரிக்கிற வேலை. என் பிள்ளையைக் கொண்டுபோன அன்றைக்கு அவளுக்கு எட்டு வயது. பானைக்கு மூடி எடுத்துக் கொடுத்தது அவள்தான்.

"வாங்க மதினி. எனக்கு உடம்புக்கு முடியலையாமுல்ல? எப்பச் சாவேன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தீகளா?"

வழியில் ஒரு கடையில் டீயும் வெண்ணெய் தடவிய பன்னும் வாங்கிக் கொடுத்தாள். நான் கடையில் நின்று டீ குடித்தது அதுதான் முதல் தடவை. பஞ்சு மாதிரி இருந்தது பன். வயிற்றில் இருந்ததே தெரியவில்லை.

"யாரு காட்டிக் குடுத்தது?" என்று கேட்டேன்.

"வேற யாரு, நம்ம ஊரு ஆளுகதான். தங்கம் கெடைக்கும்னு மம்பட்டியத் தூக்கிக்கிட்டு அந்தச் சர்வே ஐயா பின்னாலயே போயிருக்கானுக. பானை வந்ததும் மூஞ்சி செத்துப்போச்சாம்."

இரண்டாம் நாள் பங்களாவுக்குப் போனோம். சீசன் கூட்டம், கோட்டும் குல்லாயும் போட்ட குடும்பங்கள். முன்கூடம் முழுக்கக் கண்ணாடிப் பெட்டி. ஓட்டுச் சில்லு, துருப்பிடித்த இரும்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. பழனியில் பழைய கல் ஒன்று கிடைத்தால் எண்ணெய் தேய்த்துக் கும்பிட ஆரம்பித்துவிடுவோம். இங்கே கண்ணாடி போட்டுச் சீட்டு ஒட்டுகிறார்கள். இரண்டு இடத்திலும் அந்தக் கல் யாருக்காவது சொந்தமா என்று கேட்பதில்லை.

நடுவில் தனிப் பெட்டியில் என் பானை இருந்தது.

நாற்பது வருஷம் ஆகியிருந்தது. வாய் ஓரம் கொஞ்சம் உடைந்திருந்தது. கோடுகள் அப்படியே இருந்தன. பக்கத்தில் ஒரு தட்டில் பஞ்சு, அதன்மேல் சிவப்பு மணி. அந்த மணியை என் வீட்டுக்காரர் பூண்டு வயலில் கண்டெடுத்து, வாயில் போட்டுச் சப்பிச் சுத்தம் செய்து பிள்ளை இடுப்பில் கட்டினார்.

அந்த ஐயா கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு, கையில் மூங்கில் குச்சியோடு நின்றார். நல்ல குரல். கணீரென்று பேசினார்.

"இவை கோடுகள் அல்ல, எழுத்து. உலகம் ஊமையாக இருந்தபோது இந்த மலையில் எழுதத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். கடைசிக் குறியைப் பாருங்கள். மற்றவை நீளம், இது மட்டும் குறுகல். இதுதான் அரசன். இந்தப் பானையில் உறங்கியவன் ஒரு மலையரசனின் மகன், இளவரசன்!"

வெள்ளையம்மாள் என் காதில், "பொட்டப்புள்ளைய ராசாவாக்கிப்புட்டாரு மதினி" என்றாள். அவள் கையை அழுத்தினேன்.

ஐயா குரலைத் தாழ்த்தினார். "எண்ணிப் பாருங்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் ஒரு தாய், தன் கையால் இந்த மணியைக் கட்டி, தன் கையால் இந்தப் பானையில் வைத்து மூடினாளே, அவள் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்?"

பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணை ஒற்றினாள். கோட்டுப் போட்டவர் மூக்கை உறிஞ்சினார். ஒரு வெள்ளைக்கார அம்மாள் ஏதோ சொன்னாள். அவளோடு வந்த ஆயா அடுத்த ஆயாவிடம் தமிழில் சொன்னாள்: "அந்தத் தாயை ஒரு தடவை கண்ணால பாக்க முடிஞ்சா எப்படி இருக்கும்னு மேடம் சொல்றாங்க." சொல்லிவிட்டு என் தோளைத் தொட்டாள். "கொஞ்சம் நகருங்க ஆத்தா. மறைக்கிறீங்க. மேடம் போட்டோ எடுக்கணும்."

நகர்ந்தேன்.

வெள்ளையம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "ஐயா!" என்று கத்திவிட்டாள். "அது எங்க பானைங்க!"

எல்லோரும் திரும்பினார்கள். ஐயாவின் முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டீர்களா? எழுத்தறியாத ஒரு மலைப்பெண் 'எங்க பானை' என்கிறாள். எத்தனை தலைமுறை போனாலும் ரத்தம் மறக்காது. ஆமாம் தாயே, நம் எல்லோருடைய பானையும்தான்!"

கை தட்டினார்கள். அந்தப் பட்டுச்சேலை அம்மாள் வெள்ளையம்மாளின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

இறக்கத்தில் வரும்போது அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "கை தட்டுறாங்க மதினி! நான் என்ன நாடகமா போட்டேன்? நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? பெத்தது நீங்களா நானா?"

அந்த ராத்திரி அவள் ஆக்கிய அவரைக்காய்க் குழம்பு நன்றாகத்தான் இருந்திருக்கும். ருசி நினைவில்லை.

மூன்றாம் நாள் வெள்ளனே அவள் சோலிக்குப் போய்விட்டாள். நான் தனியாக ஏறினேன். ஐயா வாசலில் வெயிலுக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். படிக்கு மூன்று அடி தள்ளி ரொம்ப நேரம் நின்றேன். அவரே பார்த்தார்.

"யாரும்மா? என்ன வேணும்?"

தூணைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "பானை என்னுதுங்க. உள்ள இருந்தது என் பிள்ளைங்க. கோடு நான் கீறுனதுங்க, பூண்டு தின்ன நாளுக்கு. பதினெட்டரைக் கோடுங்க."

சிரித்தார். "நேத்துக் கூட்டத்துல நின்னு எண்ணியிருக்கீங்க."

"அடிப்பக்கம் ஒரு ஓட்டை இருக்குங்க. அடுப்புக் கல்லுல இடிச்சது. அரக்கு வச்சு நான்தான் அடைச்சேன். பூண்டு பிதுங்கி வந்துச்சு."

சிரிப்பு நின்றது. எழுந்து உள்ளே போனார். நான் பின்னால் போய்க் கதவோரம் நின்றேன். பெட்டியைத் திறந்து பானையைச் சாய்த்துப் பார்த்தார். விரலால் அரக்கைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"உயிர் வெளிய போறதுக்கு வச்ச துளைன்னு எழுதியிருக்கேன்" என்றார், யாரிடமோ சொல்வது போல. அப்புறம், "மணி?" என்று கேட்டார். "மணி பழசும்மா. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல."

"பழசா இருக்கும்ங்க. மழை பேஞ்சா வயல்ல மேல வந்து கெடக்கும். எல்லாப் பிள்ளைக்கும் கட்டுவோம்."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆம்பளைப் பிள்ளையா என்று கேட்டார். பொட்டப்பிள்ளை என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு நான் மலையேறி வரவில்லை.

"பானை வேண்டாங்க. எலும்பைக் குடுத்துருங்க. மண்ணுல வச்சிருதேன்." பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்தேன்.

துணியைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அது இங்க இல்லம்மா. போன மாசம் மெட்ராஸுக்கு அனுப்பிட்டேன். அங்கேயிருந்து சீமைக்குப் போகும். வயசு பாக்க."

"பாத்துட்டு வந்துருமாங்க?"

"வராது. அதைப் பொடிச்சு, எரிச்சுத்தான் பாப்பாங்க."

பச்சைப் பிள்ளையை எரிக்கக் கூடாது என்றுதானே பானையில் வைத்தோம். "ஒரு கடுதாசி போட்டு நிப்பாட்டுங்கய்யா" என்று மட்டும் சொன்னேன்.

"காரணம் எழுதணுமேம்மா." கையைப் பிசைந்தார். "பதினஞ்சு வருசம் இந்த மலையில நடந்திருக்கேன். இந்தக் கூடத்துக்கு ஆளுக வர்றதே இந்த ஒரு பானைக்குத்தான். மத்ததெல்லாம் வெறும் ஓடு. இப்ப போய் இது பூண்டுப் பானைன்னு எழுதச் சொல்றீங்க." அப்புறம், "உங்க பிள்ளைக்கு இது பெருமைதானே? எத்தனை பேர் நின்னு அழறாங்க பாத்தீங்கல்ல" என்றார்.

"அவுக என் பிள்ளைக்கு அழுகலீங்க."

அவ்வளவு நீளம் ஒரு வெளி ஆம்பிளையிடம் நான் எதிர்த்துப் பேசினது அதுதான். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்தால் ஊரே அழுகிறது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் செத்தால் பூண்டு பிடுங்கப் போ என்கிறது.

"எழுதறேன்" என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார். "குளிர்ல வந்திருக்கீங்க. இருங்க, சூடா ஏதாவது கொண்டாரேன்." சமையல்காரர் இல்லை போலிருக்கிறது, அவரே உள்ளே போனார்.

பெட்டி திறந்தே கிடந்தது. பானை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நான் கிட்டே போனேன். நாற்பது வருஷத்துக்குப் பிறகு கை வைத்தேன், சில்லென்று இருந்தது. கொண்டை ஊசியை உருவினேன். பத்தொன்பதாவது கோடு நின்ற இடத்தில் ஊசியை வைத்துக் கீழ்வரைக்கும் இழுத்தேன். மூன்று தடவை அழுத்திக் கீறினேன். சிவப்புத் தூள் விழுந்தது.

ஐயா டம்ளரோடு வந்து நின்றார். பானையைப் பார்த்தார், தரையில் தூளைப் பார்த்தார், அவிழ்ந்து கிடந்த என் தலைமயிரைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. டம்ளரை மேசையில் வைத்து, "ஆறிடும், குடிங்க" என்றார். குடிக்காமல் வந்துவிட்டேன். அவர் அரசன் என்று படித்த பாதிக் கோடு இனி இல்லை, அந்தமட்டுக்கும் சரி என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன்.

நாலாம் நாள் வெள்ளையம்மாள் ஒரு பை கேரட்டும் நாலு பேரிக்காயும் கட்டிக் கொடுத்தாள். "என்ன மதினி ஆச்சு?" என்று கேட்டாள். "எழுதறேன்னாரு" என்றேன். "எழுதிக் கிழிப்பாரு" என்று சொல்லிவிட்டுப் பஸ் போகும்வரை நின்றாள். இறங்கும்போது பஸ் எங்கேயும் நிற்கவில்லை. வத்தலக்குண்டு வெயில் முகத்தில் அடித்தபோது மஞ்சள் துணி பைக்குள்ளேயே இருந்தது. வீட்டில் மகள் அதைப் பார்த்து, "கோயில் துணியா?" என்றாள். ஆமாம் என்றேன். அடுப்படியில் பாத்திரம் பிடிக்க ஆகிப்போயிற்று.

ஏழெட்டு வருஷம் கழித்து, ஒரு தைப்பூசத்துக்கு வந்த குடும்பம் கொடைக்கானல் போய்விட்டு வந்திருந்தது. கூடத்தில் அந்த வீட்டு மருமகள் என் மகளிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஐயா காலமாகிவிட்டாராம். அவர் மகன் சுற்றிக் காட்டுகிறாராம்.

"ஒரு பானைங்கக்கா. அதுல பத்தொன்பது ராஜாக்க பேரு எழுதியிருக்கு. ஒரு கோடு ஒரு ராஜா. வரிசையா ஆண்டிருக்காங்க."

நான் கதவுக்குப் பின்னால் இருந்து வெளியே வந்தேன். மகள் ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"எலும்பு எதுவும் வச்சிருந்தாங்களாத்தா?"

"இல்லீங்க பாட்டி. ஒரு மணிதான்."

"கடைசிக் கோடு?"

"அது ஒண்ணுதான் பளிச்சினு இருக்குங்க. அந்த ராஜாதான் எல்லாரையும் விடப் பெரியவராம். அவரு காலத்துலதான் மலையே செழிப்பா இருந்துச்சாம்."

அந்தப் பத்தொன்பதாவது நாள் எனக்குத் தெரியும். விடியக்காலையிலிருந்து மழை. விறகு நனைந்து அடுப்புப் பற்றவில்லை. பிள்ளை பால் குடிக்கவில்லை.